அறுகம்பேயா, வெலிகமவா? ஆகஸ்ட்டில் பத்து நாள், வீட்டுக்குள் சண்டை

நுரைப்பூ · ஜூன் 8, இரவு 9:52

வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போவேன், இதுதான் முதல் பதிவு.

ஆகஸ்ட் 7லேர்ந்து 17 வரைக்கும் லீவு. இலங்கைன்னு முடிவாயிடுச்சு. எந்த ஊர்ங்கிறதுலதான் பஞ்சாயத்து. நான் வெலிகம, தம்பி அறுகம்பே.

நான் இதுவரைக்கும் சர்ஃப் (பலகை மேல நின்னு அலை ஏறுறது) கத்துக்க எட்டு வகுப்பு போயிருக்கேன். அலை உடைஞ்சப்புறம் வர்ற நுரைத்தண்ணியில எழுந்து நின்னுடுவேன், உடையாத அலையை இன்னும் பிடிச்சதில்ல. தம்பி மூணு வருஷமா சர்ஃப் பண்றான். பண்றதைவிடப் பேசுறது ஜாஸ்தி. அம்மாவும் வர்றாங்க, வயசு 61, முட்டி வலி உண்டு, கடல்ல இறங்க மாட்டாங்க.

வெலிகமல கரை பூரா மணல், கத்துக்கிறவங்களுக்கு அதுதான் நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க. ஏர்போர்ட்லேர்ந்து எக்ஸ்பிரஸ்வேயில மூணு மணி நேரத்துக்குள்ள போயிடலாம், காலி ஊர்க் கோட்டையும் பக்கம். அறுகம்பேக்கு மேப் எட்டு மணி நேரம் காட்டுது. முட்டி வலி அம்மாவை எட்டு மணி நேரம் வேன்ல உட்கார வெச்சுக் கூட்டிட்டுப் போகணுமா?

தம்பிகிட்ட கேட்டா "அக்கா, ஆகஸ்ட்"னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடுறான். விளக்கம் கிடையாது. நீங்களாவது சொல்லுங்க.

பழையபலகை · ஜூன் 8, இரவு 10:30

உங்கள் தம்பி ஒரே வார்த்தையில் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

இலங்கையில் ஊரைப் பார்த்துத் தேதி குறிக்கக் கூடாது, தேதியைப் பார்த்துத்தான் ஊர். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. வெலிகம தெற்குக் கரை, அந்தக் காற்று நேராகக் கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். அதே காற்று தீவைக் குறுக்கே கடந்து, அறுகம்பே இருக்கும் கிழக்குக் கரைக்கு வரும்போது நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். காற்று அலையின் முகத்தில் எதிரே தள்ளினால் அலை நிமிர்ந்து நின்று, சீவிய மாதிரி வழுவழுவென்று மடங்கும். முதுகில் தள்ளினால் அவசரப்பட்டு, கண்ட இடத்தில் நொறுங்கும்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை எல்லாம் தலைகீழ். அப்போது வெலிகம, மிதிகம, அஹங்கம எல்லாம் பிரமாதம். மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கப் போகும் படகுகளும் அந்த மாதங்களில்தான். கிழக்கில் மழை, வெள்ளம்.

இதில் பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. அலை இரண்டு கரைக்கும் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. ஆகஸ்ட்டில் தென் சமுத்திரத்தில் குளிர்காலம், அங்கே எழும் புயல்கள்தான் அலையை அனுப்புகின்றன. அதனால் ஆகஸ்ட்டில் வெலிகமவில் அலை இல்லை என்று சொல்ல முடியாது. அலை இருக்கும், அதுவும் பெரிதாக. கெடுப்பது காற்றுதான்.

தேங்காய்த்துருவல் · ஜூன் 8, இரவு 11:14

இந்த "சீசன் இல்லேன்னா போகாதே" பாட்டு கேட்டுக் கேட்டுச் சலிச்சுப்போச்சு. நான் ஜூலைல வெலிகம போய் ஒன்பது நாள் இருந்தேன். அந்த விரிகுடா உள்வாங்கி இருக்கு, வெளியே கடல் கொந்தளிச்சாலும் உள்ளே கத்துக்கிறவங்களுக்கு இடுப்பளவு அலை கிடைக்கும். காலைல ஆறு மணிக்கு இறங்கினா எட்டரை வரைக்கும் காற்று சும்மா இருக்கும். ரூம் வாடகையும் சீசன்ல கேக்கிற மாதிரி இல்ல. கூட்டமும் இல்ல, ஜனவரில பார்த்தீங்கன்னா அந்த விரிகுடால தண்ணியைவிடப் பலகைதான் அதிகம்.

நுரைத்தண்ணியில நிக்கிற ஆளுக்கு சீவின அலை எதுக்குங்க?

பழையபலகை · ஜூன் 8, இரவு 11:20

ஒன்பது நாளில் எத்தனை நாள் இறங்கினீர்கள்?

தேங்காய்த்துருவல் · ஜூன் 8, இரவு 11:41

அஞ்சு. ரெண்டு நாள் மழை, ரெண்டு நாள் சிவப்புக் கொடி. ஆனா அந்த அஞ்சும் நல்லா இருந்தது, அதையும் எழுதிக்குங்க.

மட்டுநகரான் · ஜூன் 9, காலை 6:05

தங்கச்சி, நான் மட்டக்களப்பு ஆள். பலகை ஏறத் தெரியாது, ஆனா காத்து தெரியும்.

பழையபலகை ஐயா சொல்ற காத்துக்கு எங்கட பக்கம் கச்சான் எண்டு பேர். மேற்கால இருந்து, காடு மேடெல்லாம் தாண்டிச் சூடேறி வரும். கொடியில போட்ட உடுப்பு அரை மணித்தியாலத்தில காஞ்சிரும். மீன்பிடிக்கிற ஆக்கள் விடியமுன்னம் கடலுக்குப் போறதும் இந்தக் காத்தைக் கணக்குப் பண்ணித்தான். வெள்ளைக்காரன் ஆஃப்ஷோர் எண்டு சொல்றதை எங்கட அப்பப்பா கச்சான் எண்டு சொன்னார், அவ்வளவுதான்.

ஆனா ஒண்டு. ஆகஸ்ட்டிலயும் நாள் முழுக்கக் கச்சான் கரையில நிக்காது. பத்து, பதினொரு மணிக்கு மறுகா கடல்காத்து ஏறிரும், அலை குழம்பும். பின்னேரம் திரும்ப அடங்கும். அதால காலையில வெள்ளனக் கடல், மத்தியானம் நித்திரை, பின்னேரம் விருப்பமெண்டா திரும்பவும் கடல்.

அங்க பீனட் ஃபார்ம் எண்டு ஒரு இடம் இருக்கு. நிலக்கடலைக்கும் நாங்க கச்சான் எண்டுதான் சொல்ற. கச்சான் காத்தில கச்சான் தோட்டத்தில அலை ஏறலாம் :)

நுரைப்பூ · ஜூன் 9, காலை 8:17

@மட்டுநகரான் அண்ணா, இவ்வளவு அழகா யாரும் எனக்குக் காற்றைப் பத்திச் சொன்னதில்ல. நன்றி.

இப்ப பயம் வேற மாதிரி. அறுகம்பே வீடியோ எல்லாம் பார்த்தேன், பாறையை ஒட்டி ஆளுங்க வரிசையா உட்கார்ந்திருக்காங்க, அலை ஓடிக்கிட்டே இருக்கு. எனக்கு அங்க என்ன வேலை? தம்பி ஜாலியா இருப்பான், நான் பத்து நாளும் கரையில அம்மா பையைப் பார்த்துக்கணும்.

உப்புக்காற்று · ஜூன் 9, மதியம் 1:33

அங்கே ஒரு சீசன் முழுக்க இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் பார்த்த வீடியோ மெயின் பாயிண்ட். ஊர் விரிகுடாவின் தெற்கு முனை. அடியில் பாறை, பாறையில் கடல் முள்ளெலி. நீங்கள் அங்கே இறங்கவே வேண்டாம், கரையில் நின்று வேடிக்கை பாருங்கள், அதுவே நல்ல பொழுதுபோக்கு.

ஆனால் அறுகம்பே என்றால் ஒரு அலை மட்டும் இல்லை. மெயின் பாயிண்டுக்கு உள்பக்கமாக, அலை வலுவிழந்து வரும் இடம் பேபி பாயிண்ட். எல்லா வகுப்பும் அங்கே என்பதால் நெரிசல்தான், பலகை மண்டையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அதைவிட விஸ்கி பாயிண்ட் பிடிக்கும். வடக்கே, ஆட்டோவில் இருபது இருபத்தைந்து நிமிடம். அடியில் பெரும்பாலும் மணல், அலை கரைக்குப் பக்கத்திலேயே உடையும், நடந்தே உள்ளே போகலாம். எட்டு வகுப்பு முடித்து நுரையிலிருந்து பச்சை அலைக்கு, அதாவது உடையாத அலைக்கு, தாவ நினைக்கிற ஆளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். அங்கே அலை ஒரே இடத்தில், ஒரே மாதிரி, ஒரே பக்கமாக மடங்கும். பீச் பிரேக்கில், அதாவது திறந்த மணல் கரையில், அடுத்த அலை எங்கே எழும்பும் என்று தேடுவதிலேயே பாதித் தெம்பு போய்விடும்.

கடற்கரைக்கு வெளியே உடையில் கொஞ்சம் கவனம். பக்கத்து டவுன் பொத்துவில், முஸ்லிம் மக்கள் அதிகம் வாழும் ஊர். தண்ணீரிலிருந்து ஏறியதும் மேலே ஒரு சட்டை போட்டுக்கொண்டால் போதும், எல்லோரும் நன்றாகப் பழகுவார்கள். அதுவும் தமிழிலேயே. ஆட்டோக்காரர், இடியப்பக் கடை, பலகை வாடகைக்குத் தருபவர், எல்லோரிடமும் தமிழில் பேரம் பேசி அலை ஏறுகிற சுகம் வெலிகமவில் அவ்வளவாகக் கிடைக்காது.

பெண்ணாக இருப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். இலங்கையின் முதல் பெண்கள் சர்ஃப் கிளப் தொடங்கியது அறுகம்பேயில்தான், 2018இல். உள்ளூர்ப் பெண்கள், அதில் அம்மாக்களும் உண்டு, பலகையோடு கடலுக்குப் போவதைப் பார்த்தால் உங்கள் அம்மாவும் ஒருவேளை பையை உங்களிடம் கொடுத்துவிடுவார்.

சுறாமீசை · ஜூன் 9, மாலை 6:48

அந்தத் தம்பி நான்தான். அக்கா இங்க வந்து என் மானத்தை வாங்குறான்னு இப்பத்தான் பார்த்தேன். "பேசுறது ஜாஸ்தி"யாம்.

எல்லாருக்கும் நன்றி, வழக்கு முடிஞ்சது, தீர்ப்பு நம்ம பக்கம்.

பழையபலகை · ஜூன் 9, மாலை 7:02

தம்பி, பலகையில் எந்தக் கால் முன்னால்?

சுறாமீசை · ஜூன் 9, மாலை 7:05

வலது. ஏன்?

பழையபலகை · ஜூன் 9, மாலை 7:26

அப்படியென்றால் நீ கூஃபி. அறுகம்பே பாயிண்ட்கள் அத்தனையும் ரைட், அதாவது அலை ஏறுகிறவனுக்கு வலப்பக்கமாக ஓடுபவை. தெற்கிலிருந்து வரும் அலை தீவின் தென்கிழக்கு மூலையைச் சுற்றி வளைந்து, ஒவ்வொரு முனையாகத் தொட்டுக்கொண்டு வடக்கே ஓடுகிறது. அதனால் மடங்குவது எப்போதும் ஒரே பக்கம். பத்து நாளும் நீ அலைக்கு முதுகு காட்டிக்கொண்டுதான் ஓட வேண்டும். லெஃப்ட் வேண்டுமென்றால் நீ சண்டை போட்டு வேண்டாமென்ற தெற்குக் கரையில், மிதிகமவில், லேஸி லெஃப்ட் என்று ஒன்று இருக்கிறது.

நுரைப்பூ · ஜூன் 9, மாலை 7:31

😂😂😂 ஐயா, உங்களுக்குக் கோயில் கட்டணும்.

சுறாமீசை · ஜூன் 9, மாலை 7:58

மூணு வருஷமா பேக்சைடு, அதான் அலைக்கு முதுகு காட்டி ஓடுறது, பழகணும்னு நினைச்சிட்டிருக்கேன், பத்து நாள்ல பழகிடுறேன். ஊர் மாத்துறதா இல்ல.

பழையபலகை · ஜூன் 9, இரவு 8:40

நல்லது. அப்படியே இதையும் கேட்டுக்கொள். பாயிண்ட் பிரேக்கில், அதாவது முனையை ஒட்டி உடையும் இடத்தில், அலை கிளம்பும் இடம் ஒன்றே ஒன்று. ஆகஸ்ட்டில் அந்த ஓர் இடத்தில் முப்பது, நாற்பது பேர். உச்சியில் முதலில் எழுந்தவனுக்கே அலை, அவன் முன்னால் குதிக்கக் கூடாது. சுற்றிப் போய் வரிசையில் நுழையாமல், துடுப்புப் போட்டு எல்லோருக்கும் உள்ளே போய் உட்காருவதும் அதே குற்றம்தான். முதல் நாள் ஓரத்தில் உட்கார்ந்து, யார் உள்ளூர்ப் பையன்கள், அலை எந்த வரிசையில் போகிறது என்று அரை மணி நேரம் பார். அவர்கள் விட்ட அலையை எடு. இரண்டாம் நாள் அவர்களே தலையசைத்துக் கொடுப்பார்கள். இதைச் செய்யாமல் வந்து "லோக்கல் ஆட்கள் மோசம்" என்று எழுதுகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

தண்ணீரிலிருந்து ஏறும்போது பாறை வழியாக வராதே. கால் வைக்குமுன் யோசி, முடிந்தால் ரீஃப் பூட் (பாறையில் நடக்கிற காலணி) போட்டுக்கொள்.

தேங்காய்த்துருவல் · ஜூன் 9, இரவு 10:12

சரி, அலையில நான் தோத்துட்டேன். ஆனா அந்த அம்மாவைப் பத்தி யாரும் யோசிக்கிற மாதிரி தெரியல. அறுகம்பே ஒரு தெருதான். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கடை. வெலிகமல இருந்தா ரயில்ல கடலோரமாவே காலிக்குப் போகலாம், கோட்டைச் சுவர்ல நடக்கலாம், டீ குடிக்கலாம். அறுகம்பேக்கு ரயிலே கிடையாது.

அப்புறம் 2024 அக்டோபர்ல அமெரிக்கத் தூதரகம் அறுகம்பேயைப் பேர் சொல்லியே எச்சரிக்கை விட்டது ஞாபகம் இருக்கா?

உப்புக்காற்று · ஜூன் 9, இரவு 10:50

ஞாபகம் இருக்கிறது. அங்கே வந்துபோகும் இஸ்ரேலியப் பயணிகளைக் குறிவைத்துத் தாக்குதல் நடக்கலாம் என்ற தகவல். ஒரே நாளில் பொலிசும் அதிரடிப்படையும் தெரு முழுக்க வந்துவிட்டார்கள். அடுத்த மாதமே அந்த எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். போகுமுன் அப்போதைய நிலையைப் பார்த்துக்கொள்ளட்டும், அது எந்த ஊருக்கும் பொருந்தும்.

நுரைப்பூ · ஜூன் 10, காலை 7:40

தேங்காய்த்துருவல் கேட்டதுதான் என் கேள்வியும். அம்மாவுக்குப் பத்து நாள் அங்க என்ன இருக்கு? அலையைப் பார்த்துட்டே எவ்வளவு நேரம் உட்காருவாங்க?

பாதிப் பாதியா ரெண்டு ஊரும் போனா?

மட்டுநகரான் · ஜூன் 10, காலை 8:25

தங்கச்சி, அம்மா முருக பக்தையா?

நுரைப்பூ · ஜூன் 10, காலை 8:26

செவ்வாய்க்கிழமை விரதம், சஷ்டி விரதம், போன்ல ரிங்டோன் எல்லாமே முருகன்தான். ஏன் அண்ணா?

மட்டுநகரான் · ஜூன் 10, காலை 9:10

அப்ப கேளுங்க. அறுகம்பேயில இருந்து தெற்க பாணமை, அதையும் தாண்டிப் போனா உகந்தை. எல்லாமாக முப்பது கிலோமீற்றர் அளவு வரும். அங்க கடலோரத்தில, பாறை மலைக்குப் பக்கத்தில முருகன் கோயில். வடக்கில இருந்தும் எங்கட பக்கமிருந்தும் கதிர்காமத்துக்குக் கால்நடையாப் போற ஆக்கள் உகந்தையில தங்கி, அங்கிருந்துதான் குமுனைக் காட்டுக்குள்ள இறங்குவாங்க. யால காட்டையும் கடந்து நாட்கணக்கா நடை. காட்டுப்பாதையை வருசத்தில அந்த விழாக் காலத்தில கொஞ்ச நாள்தான் திறப்பாங்க. என்ர அம்மா ரெண்டு தரம் நடந்தவ.

நீங்க வாற நேரம் பெரும்பாலும் விழா முடிஞ்சு சனம் குறைஞ்சிருக்கும். அது அம்மாவுக்கு நல்லது, ஆறுதலாக் கும்பிடலாம். மலையில வள்ளி அம்மன் கோயிலுக்கு ஏறுறது முட்டி வலிக்குச் சரிவராது, கீழ முருகனோட நிக்கட்டும். குமுனைச் சரணாலய வாசலும் அங்கதான். யானை, மயில், பறவை எல்லாம் பார்க்கலாம். ஓட்டோவில போறதெண்டா வெளிச்சம் இருக்கவே திரும்பிருங்க, பாணமை ரோட்டில பின்னேரத்தில யானை நிக்கும்.

தம்பிக்கும் ஒரு சேதி. உகந்தைக் கோயில் கரையிலயே அலை ஏறுற இடம் இருக்கு.

உப்புக்காற்று · ஜூன் 10, காலை 9:44

ஆமாம், பலகைக்காரர்கள் ஒகண்டா என்று சொல்வது அதே உகந்தையைத்தான். அம்மா சாமி கும்பிடும்போது தம்பி கண்ணுக்கெட்டும் தூரத்தில் அலை ஏறலாம்.

பாதிப் பாதி வேண்டாம். ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போக ஒரு பகல் வீணாகும், போய்ச் சேரும் இடத்தில் ஆகஸ்ட் கடல். பயண அலுப்பைக் குறைக்க வேண்டுமென்றால் பயணத்தை உடையுங்கள். எல்லவில் ஓர் இரவு. மலை, குளிர், ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் போவதை அம்மா பார்க்கட்டும். அங்கிருந்து வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாக மூன்று மணி நேரத்தில் பொத்துவில். கீழே இறங்க இறங்க வெக்கை ஏறும், யன்னலைத் திறந்தால் கச்சான் அடிக்கும்.

பலகை கொண்டு போகாதீர்கள். நுரைப்பூவுக்கு எட்டடி, ஒன்பதடி சாஃப்ட் டாப் (மேற்புறம் மெத்தென்ற பலகை) அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். விசாவுக்கு முன்கூட்டியே இணையத்தில் விண்ணப்பியுங்கள். கையில் ரூபாய் கொஞ்சம் வைத்திருங்கள், காசு எடுக்கப் பொத்துவில் டவுன் வரை போக வேண்டி வரலாம்.

நுரைப்பூ · ஜூன் 10, இரவு 9:15

அம்மாகிட்ட உகந்தைன்னு சொன்னேன். "அதுதான் ஊருன்னு முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு பேச்சு எதுக்கு?"ன்னுட்டாங்க. எட்டு மணி நேரம் வேன்ங்கிறதை நான் நினைவுபடுத்தினேன். "நடந்தே போறாங்க, நான் வேன்ல உட்கார்ந்து போக மாட்டேனா?"

அறுகம்பே. டிக்கெட் போட்டாச்சு.

சுறாமீசை · ஜூன் 10, இரவு 9:16

நான் ஒரு மாசமா கத்தினேன். முருகன் ஒரு நிமிஷத்துல முடிச்சுட்டாரு.

நுரைப்பூ · ஆகஸ்ட் 21, இரவு 8:33

போயிட்டு வந்தாச்சு. எல்லாரும் அவ்வளவு உதவி பண்ணினீங்க, கணக்கு ஒப்படைக்கணும் இல்லையா.

முதல் ரெண்டு நாள் பேபி பாயிண்ட். ஒரு வகுப்புக்காரர் ஒரே நேரத்துல ஏழு பேரை இறக்கிட்டு நடுவுல நின்னு கத்திக்கிட்டிருந்தார். என் லீஷும் (பலகையைக் காலோட கட்டுற கயிறு) ஒரு ஜெர்மன் பொண்ணு லீஷும் சிக்கி ரெண்டு பேரும் சேர்ந்து உருண்டோம். மூணாம் நாள் விஸ்கி பாயிண்ட் போய், தனியா ஒரு அக்காகிட்ட வகுப்பு எடுத்தேன். காலை ஆறரை. கடல்ல சுருக்கமே இல்ல. அவங்க "இப்ப... இப்ப... ஏறு"ன்னாங்க. தமிழ்ல. நுரை இல்ல, நிஜமான பச்சை அலை. பத்து செகண்ட் இருக்கும். கரையைப் பார்க்கணும்னு சொல்லிக் குடுத்ததை மறந்து காலையே பார்த்துட்டு நின்னேன், அப்படியும் போச்சு. அதுக்கப்புறம் மிச்ச நாளெல்லாம் அங்கேயேதான். மொத்தம் பதினொண்ணு பிடிச்சேன், எண்ணி வெச்சிருக்கேன்.

பத்தரை மணிக்குக் காற்று மாறுறதைத் தோள்ல உணர முடியுது. முதுகுல சூடா அடிச்சிட்டு இருந்தது நிக்கும், கொஞ்ச நேரத்துல முகத்துல உப்பா அடிக்கும். அம்மாவே மூணாம் நாள்லேர்ந்து "கச்சான் போயிடுச்சு, ஏறி வா"ன்னு கரையிலேர்ந்து கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க.

உகந்தைக்கு ரெண்டு தடவை போனோம். முதல் தடவை எல்லாரும். ரெண்டாவது தடவை அம்மா மட்டும், எங்க ஓட்டோக்காரரோட சம்சாரம் துணைக்கு வந்தாங்க. திரும்பி வந்தப்ப அம்மா பையில விபூதி, கச்சான் பொட்டலம், அந்த அக்காவோட போன் நம்பர்.

தேங்காய்த்துருவல், நீங்க சொன்னதுல ஒண்ணு சரி. மத்தியானம் பதினொண்ணுலேர்ந்து மூணு வரைக்கும் அந்தத் தெருவுல செய்ய ஒண்ணுமே இல்ல. நாங்க தூங்கினோம்.

தம்பி கதையை அவனே சொல்லுவான்.

சுறாமீசை · ஆகஸ்ட் 21, இரவு 9:20

சொல்ல என்ன இருக்கு. நாலு நாள் ஒழுங்கா ஓரத்துல உட்கார்ந்தேன் பழையபலகை ஐயா, சத்தியமா. அஞ்சாம் நாள் ஒரு உள்ளூர்ப் பையன் "போ மச்சான்"னு ஒரு அலை குடுத்தான். பேக்சைடுதான், ஆனா அவ்வளவு தூரம் என் வாழ்க்கையில ஓடினதில்ல. முடிவுல கால் நடுங்குது. அந்தச் சந்தோஷத்துல பாறை வழியா ஏறினேன்.

வலது குதிகால்ல ஆறு முள். முன்னால வைக்கிற கால்.

பழையபலகை · ஆகஸ்ட் 21, இரவு 9:34

பூட்?

சுறாமீசை · ஆகஸ்ட் 21, இரவு 9:35

ரூம்ல.

மட்டுநகரான் · ஆகஸ்ட் 22, காலை 6:12

தம்பி, முள் எல்லாம் வெளிய வந்துட்டா? சுடுதண்ணியில, தாங்கக்கூடிய சூட்டில, காலை வச்சு மறுகா வினாகிரி தடவினா சின்ன முள் கரையும். உள்ளுக்க முறிஞ்சு கிடந்து வீங்கினா வீட்டு வைத்தியம் பார்க்காம டொக்டரிட்டக் காட்டுங்க.

சுறாமீசை · ஆகஸ்ட் 22, காலை 10:47

நாலு அங்கேயே எடுத்துட்டாங்க. ஒண்ணு தானா வந்துடுச்சு. ஒண்ணு இன்னும் உள்ளதான் இருக்கு அண்ணா, சாயந்திரம் டாக்டர்கிட்ட போறேன்.